ஆஃப்லைனில் பிடிஎம் மக்கர் செய்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

இது சாலிட்வொர்க்ஸ் பிடிஎம் (3டி டிசைன் ஃபைல்களைச் சர்வரில் வைத்து, யார் எதைத் திருத்துகிறார் என்று கணக்கு வைக்கும் மென்பொருள்) வைத்து வேலை செய்யும் டிசைன் அலுவலகங்களுக்கானது. இதே வேலையைச் செய்யும் ஆட்டோடெஸ்க் வால்ட் என்ற மென்பொருள்காரர்களுக்குக் கடைசியில் ஒரு பகுதி உண்டு. தென்னாப்பிரிக்காவில் சர்வர் தொடர்பு அறுவதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. லோட் ஷெட்டிங் (முறை வைத்து மின்வெட்டு), தெருவில் கேபிள் திருட்டு, சப்ஸ்டேஷன் கோளாறு, இல்லையென்றால் லேப்டாப்பை பக்கியில் (பிக்கப் வண்டியில்) போட்டுக்கொண்டு ரஸ்டன்பர்க் சுரங்கத்துக்கோ செகுண்டா ஆலைக்கோ போவது. 2024 மார்ச் 26க்குப் பிறகு பத்து மாதம் லோட் ஷெட்டிங் ஓய்ந்திருந்தது, 2025 ஜனவரி 31 அன்று திரும்பி வந்தது. யூபிஎஸ் பேட்டரி கவனிப்பாரற்றுச் சாவது இப்படி ஓய்ந்த மாதங்களில்தான்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றே. ஆஃப்லைனில் திருத்திய ஃபைல் எதுவானாலும், வால்ட் ஃபோல்டருக்கு (உங்கள் கணினியில் பிடிஎம் கவனிக்கும் ஃபோல்டர்) வெளியே, சி டிரைவில் "மீட்பு" என்று ஒரு ஃபோல்டர் போட்டு, அதற்குள் அன்றைய தேதியில் நகல் எடுத்துவிடுங்கள். டெஸ்க்டாப்பில் வைக்க வேண்டாம், அது ஒன்டிரைவோடு பிணைந்திருக்கலாம். நகல் கையில் இருந்தால் கீழே உள்ள எதைத் தவறாகச் செய்தாலும் மீளலாம்.

அறிகுறி: ஃபோல்டர் இருக்கிறது, உள்ளே ஃபைல் இல்லை

ஆஃப்லைனில் தெரிவது அந்த மெஷினின் டிஸ்க்கில், அதாவது லோக்கல் கேஷில், ஏற்கனவே இறங்கிய ஃபைல்கள் மட்டும். ஆன்லைனில் இருக்கும்போது இறங்காத ஃபைலின் பெயரும் பட்டியலில் வரும். "நேற்றுப் பார்த்தேனே, இருந்ததே" என்று பலரும் சொல்வது இதனால்தான். பார்த்தது பெயரை, ஃபைலை அல்ல.

பார்க்க வேண்டியது: அலுவலகத்தில் ஆன்லைனில் இருக்கும்போதே அசெம்பிளியை (பல பார்ட்கள் சேர்ந்த மாடல் ஃபைல்) தேர்ந்தெடுத்து, கீழே "கன்டெய்ன்ஸ்" பக்கத்தைத் திறந்து வெர்ஷன் எண்களைப் பாருங்கள். 5/5 என்றால் கடைசி வெர்ஷன் உங்களிடம் இருக்கிறது. 3/5 என்றால் உங்களிடம் இருப்பது பழையது. -/5 என்றால் ஒன்றுமே இறங்கவில்லை. ஒரே ஒரு பார்ட்டுக்கு எதிரே அந்தக் கோடு இருந்தாலும் சைட்டில் மாட்டிக்கொள்வீர்கள். "கெட் லேட்டஸ்ட் வெர்ஷன்" கொடுத்து, பட்டியல் முழுவதிலும் கோடு மறையும்வரை கிளம்ப வேண்டாம்.

இன்னொரு பொறி: மாடலை இழுத்தால் அதன் டிராயிங் கூட வராது. டிராயிங்தான் மாடலைச் சுட்டுகிறது, மாடல் டிராயிங்கைச் சுட்டுவதில்லை. டிராயிங்கின் மேல் "கெட்" கொடுத்தால் மாடலும் சேர்ந்து வரும். சைட்டுக்குப் போகிறவர் எப்போதும் டிராயிங்கிலிருந்து இழுக்க வேண்டும்.

எல்லாவற்றையும் இழுத்த பிறகும் காலியாக இருந்து, நீங்கள் செக் அவுட் செய்த (திருத்துவதற்காக உங்கள் பெயரில் பூட்டி எடுத்த) ஃபைல்கள் மட்டும் மிஞ்சியிருந்தால் அது வேறு கதை. அட்மின் உங்கள் பெயருக்கு "லாக் அவுட் ஆகும்போது கேஷை அழி" என்ற விருப்பத்தைப் போட்டு வைத்திருக்கிறார். டிஸ்க் இடம் மிச்சமாகட்டும் என்று மேசை கணினிகளுக்குப் போட்டது லேப்டாப்புக்கும் சேர்ந்து விழுந்திருக்கும். செக் அவுட் ஆன ஃபைலை அது தொடாது, மற்றதெல்லாம் போய்விடும். அட்மின் டூலில் பயனரின் கேஷ் அமைப்பில் அந்த டிக்கை எடுக்க ஒரு நிமிடம் போதும். அதை அட்மின்தான் செய்ய முடியும்.

சைட்டில் நின்றுகொண்டு காலி ஃபோல்டரைப் பார்க்கிறீர்கள் என்றால், அலுவலகத்தில் இருப்பவரை "பேக் அண்ட் கோ" (அசெம்பிளியையும் அது சுட்டும் ஃபைல்களையும் ஒன்றாக நகலெடுப்பது) செய்து ஜிப்பாக அனுப்பச் சொல்லுங்கள். அது பார்ப்பதற்கும் அளவெடுப்பதற்கும் மட்டும். அதை வால்ட் ஃபோல்டருக்குள் ஒட்டாதீர்கள்.

அறிகுறி: ஃபைல் திறக்கிறது, ஆனால் ரீட்-ஒன்லி

எளிய காரணம்: செக் அவுட் செய்யவில்லை. ஃபைலை இழுப்பது ஒன்று, பூட்டை எடுப்பது வேறு. பூட்டு சர்வரில் இருக்கிறது. தொடர்பு போன பிறகு அதை எடுக்கவே முடியாது.

அடுத்த காரணம்: மின்சாரம் போனபோது ஃபைல் திறந்திருந்தது. அதே ஃபோல்டரில் ~$ என்று தொடங்கும், அதே பெயருள்ள குட்டி மறைவு ஃபைல் கிடக்கும். எக்ஸ்ப்ளோரரில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லித் தேடுங்கள். சாலிட்வொர்க்ஸ் முழுவதும் மூடியிருக்கிறதா என்று டாஸ்க் மேனேஜரில் உறுதி செய்துகொண்டு, அந்தக் குட்டி ஃபைலை மட்டும் அழித்துவிட்டு மறுபடி திறங்கள். அசல் ஃபைலை அழித்துவிடாமல் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளை இன்னொரு முறை பாருங்கள்.

மூன்றாவது காரணம்தான் தொல்லை. செக் அவுட் நீங்கள் செய்ததுதான், ஆனால் உங்கள் மேசை கணினியில். பிடிஎம்மில் பூட்டு ஆளுக்கு மட்டுமல்ல, மெஷினுக்கும் சேர்த்து. "செக்ட் அவுட் பை" என்ற நெடுவரிசையில் உங்கள் பெயர் இருப்பதைப் பார்த்து நிம்மதியாகக் கிளம்பாதீர்கள். பக்கத்து நெடுவரிசையான "செக்ட் அவுட் இன்" எந்தக் கணினியின் பெயரைக் காட்டுகிறது என்று பாருங்கள். மேசை கணினியில் செக் இன் செய்து (திருத்தியதைச் சர்வரில் ஏற்றிப் பூட்டை விட்டு), லேப்டாப்பில் மறுபடி செக் அவுட் செய்தால்தான் பூட்டு உங்களோடு வரும்.

இவை எதுவும் இல்லாமல், திருத்தியே தீர வேண்டும் என்றால்? ஃபைலின் பண்புகளில் ரீட்-ஒன்லி டிக்கை எடுத்துவிட்டு அங்கேயே திருத்தும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் பூட்டு காலியாக இருக்கிறது. அலுவலகத்தில் இன்னொருவர் அதே பார்ட்டை எடுக்க எந்தத் தடையும் இல்லை. மாறாக, அசெம்பிளியை "பேக் அண்ட் கோ" செய்து மீட்பு ஃபோல்டருக்குள் போட்டு, வால்ட் ஃபோல்டரில் திறந்திருப்பதை மூடிவிட்டு, நகலில் வேலை செய்யுங்கள். மூடுவது முக்கியம்: ஒரே பெயருள்ள இரண்டு ஃபைல்களைச் சாலிட்வொர்க்ஸ் ஒரே நேரத்தில் திறந்து வைக்காது. ஒரு துளையின் விட்டம் மாறுகிறது என்ற அளவுதான் வேலை என்றால் பிடிஎஃப்பில் சிவப்பு மையால் குறித்துக்கொண்டு வருவதே மேல்.

அறிகுறி: அசெம்பிளியில் பார்ட் காணவில்லை, அல்லது போல்ட் எல்லாம் பூதாகாரம்

பார்ட் எங்கே என்று சாலிட்வொர்க்ஸ் கேட்டால், முதலில் மேலே சொன்ன -/5 சோதனை. அது சரியாக இருந்தால் பாதையைப் பாருங்கள். அலுவலகத்தில் வால்ட் ஃபோல்டர் சி டிரைவின் வேரில் இருக்க, உங்கள் லேப்டாப்பில் டி டிரைவில் அமைத்திருந்தால், ஆன்லைனில் எல்லாம் சரியாகத்தான் தோன்றும். ஆஃப்லைனில் சாலிட்வொர்க்ஸ் தானே தேடும்போது, கடைசியாக சேமித்த பாதையில் போய் முட்டிக்கொள்ளும். எல்லா மெஷினிலும் ஒரே பாதை என்பது இதற்கு நிரந்தர மருந்து. வால்ட் ஃபோல்டரை ஒன்டிரைவ் பார்க்கும் இடத்தில் அமைப்பது இதைவிட மோசம்.

எம்8 போல்ட் இருக்க வேண்டிய இடத்தில் விரல் பருமன் போல்ட் நின்றால், அது டூல்பாக்ஸ் (போல்ட், நட் போன்ற தயார் பார்ட்களின் நூலகம்) கோளாறு. தேவையான அளவுள்ள கான்ஃபிகரேஷன் கிடைக்காததால் மூல அளவைக் காட்டுகிறது. சிஸ்டம் ஆப்ஷன்ஸில் ஹோல் விசார்ட் பக்கத்தைத் திறந்து, டூல்பாக்ஸ் பாதை எதைச் சுட்டுகிறது என்று பாருங்கள். அது சர்வரின் நெட்வொர்க் டிரைவைச் சுட்டினால் ஆஃப்லைனில் கிடைக்காது. வால்ட்டுக்குள் இருந்தால் கிளம்பும் முன் அந்த ஃபோல்டரையும் இழுக்க வேண்டும். இந்த நிலையில் அசெம்பிளியைச் சேமிக்காதீர்கள். சேமிக்காமல் மூடினால் அலுவலகம் திரும்பியதும் தானே சரியாகிவிடும். சேமித்தால் ஒவ்வொரு போல்டையும் கையால் மாற்ற வேண்டி வரலாம்.

அறிகுறி: லைசென்ஸ் கிடைக்கவில்லை

ஃபைல் எல்லாம் இருந்தும் சாலிட்வொர்க்ஸ் திறக்காமல் போவது. நெட்வொர்க் லைசென்ஸ் (சர்வரிலிருந்து பகிரப்படுவது) என்றால், ஆன்லைனில் இருக்கும்போதே லைசென்ஸ் மேனேஜர் கிளையன்ட்டின் "பாரோயிங்" பக்கத்தில் கடன் வாங்க வேண்டும். அதிகபட்சம் 30 நாள். டிசம்பர் நடுவில் பில்டர்ஸ் ஹாலிடே (கட்டுமானத் துறையின் ஆண்டு விடுமுறை) தொடங்குவதற்கு முன் வாங்கினால், ஜனவரியில் சைட் திறக்கும் வாரத்தில் அது தீர்ந்துபோகும். நாள்காட்டியைப் பார்த்து முடிவு தேதியைப் போடுங்கள். மறந்துபோய்க் கிளம்பிவிட்டால் ஃபோன் ஹாட்ஸ்பாட்டும் விபிஎன்னும்தான் வழி. 25734, 25735 என்ற இரண்டு போர்ட்டும் திறந்திருந்தால் அப்படியே கடன் வாங்கலாம்.

அறிகுறி: கரண்ட் வந்தாச்சு, நெட்டும் இருக்கு, ஆன்லைன் போக மாட்டேங்குது

முதல் கேள்வி: உங்களுக்கு மட்டுமா, எல்லோருக்குமா?

*உங்களுக்கு மட்டும் என்றால்.* பிடிஎம் இன்னும் ஆஃப்லைன் நிலையிலேயே இருக்கிறதா பாருங்கள். தொடர்பு வந்துவிட்டது என்பதற்காக அது தானாக மாறிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம், "வொர்க் ஆன்லைன்" கொடுக்க வேண்டும். அடுத்து விபிஎன். வீட்டில் ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் மினி யூபிஎஸ் இருந்தால், கரண்ட் போய் வரும்போது நெட் அறாதது போலத் தோன்றும். ஆனால் விபிஎன் அறுந்திருக்கும். துண்டித்து மறுபடி இணையுங்கள். ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் இருந்தால் வேகத்தைப் பாருங்கள். நீண்ட வெட்டுகளில் செல்போன் டவரின் பேட்டரியும் இறங்கிப்போகும்.

*எல்லோருக்கும் என்றால்* கோளாறு சர்வர் பக்கம். இந்த வரிசையில் பாருங்கள்:

1. சர்வர் உண்மையில் எழுந்ததா, இல்லை ஸ்விட்ச் மட்டும் இறந்து கிடக்கிறதா. நெட்வொர்க் ஸ்விட்ச்சை யூபிஎஸ்ஸில் செருகாமல் சுவரில் செருகி வைத்திருக்கும் அலுவலகங்கள் நிறைய.
2. சர்வரில் சர்வீஸ் பட்டியலைத் திறந்து எஸ்க்யூஎல் சர்வர் (பெயர், வெர்ஷன் விவரங்கள் இருக்கும் டேட்டாபேஸ்), பிடிஎம் ஆர்க்கைவ் சர்வர் (ஃபைல்கள் இருக்கும் இடம்), பிடிஎம் டேட்டாபேஸ் சர்வர் மூன்றும் ஓடுகின்றனவா என்று பாருங்கள். எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் எழும்போது டொமைன் கன்ட்ரோலருக்கு (லாகின்களைச் சரிபார்க்கும் சர்வர்) முன்னால் எஸ்க்யூஎல் எழ முயன்று தோற்றுவிடும். முதலில் எஸ்க்யூஎல், பிறகு பிடிஎம் சர்வீஸ்கள் என்று கையால் தொடக்குங்கள். அடுத்த முறைக்குத் தொடக்க வகையை "தாமதித்துத் தானாக" என்று மாற்றிவிடுங்கள்.
3. கிளையன்ட்டிலிருந்து பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் கட்டளையால் 3030, 1433 போர்ட்டுகளைச் சோதியுங்கள். முதலாவது ஆர்க்கைவ் சர்வர், இரண்டாவது எஸ்க்யூஎல். 1433 திறந்து 3030 மூடியிருந்தால், பெயர்கள் தெரியும், ஃபைல் இறங்காது. சர்வர் மறுதொடக்கத்துக்குப் பிறகு நெட்வொர்க்கை விண்டோஸ் "பப்ளிக்" என்று எடுத்துக்கொண்டு ஃபயர்வாலை இறுக்கியிருக்கலாம்.
4. கடவுச்சொல் சரியாக இருந்தும் லாகின் மறுக்கிறதா? சர்வரின் கடிகாரத்தைப் பாருங்கள். விண்டோஸ் டொமைன் லாகின் 5 நிமிடத்துக்கு மேல் நேர வித்தியாசத்தைப் பொறுக்காது. பழைய சர்வரின் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருந்தால், யூபிஎஸ்ஸும் வற்றிப்போகும் நீண்ட வெட்டுக்குப் பிறகு கடிகாரம் சில ஆண்டுகள் பின்னால் போய் நிற்கும். நேரத்தைச் சரிசெய்து, பேட்டரியை மாற்றுங்கள். மூலைக்கடையில் கிடைக்கும் பொருள்.

சர்வர் உங்கள் கட்டடத்தில் இல்லாமல் வெளிநாட்டுக் கிளவுட்டில் இருந்தால் மேலே உள்ளதெல்லாம் செல்லாது. 2024 மார்ச் 14 அன்று ஐவரி கோஸ்ட் கடற்கரைக்கு அருகே வாக்ஸ், சாட்-3, ஏஸ், மெயின்ஒன் என்ற நான்கு கடலடி கேபிள்களும் ஒன்றாகப் பழுதாயின. அப்படிப்பட்ட நாளில் ஆஃப்லைனிலேயே இருப்பதுதான் வேலை.

நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: எஸ்க்யூஎல் மேலாண்மைத் திரையில் வால்ட்டின் டேட்டாபேஸ் பெயருக்கு அருகே "சஸ்பெக்ட்" அல்லது "ரெகவரி பெண்டிங்" என்று இருந்தால். அதை டிடாச் (எஸ்க்யூஎல்லிலிருந்து கழற்றுவது) செய்யாதீர்கள், சர்வரை மறுபடி மறுபடி ரீஸ்டார்ட்டும் செய்யாதீர்கள். டிடாச் செய்த சஸ்பெக்ட் டேட்டாபேஸை மறுபடி இணைப்பது சாமானிய வேலையல்ல. நேற்றைய பேக்கப் எங்கே இருக்கிறது, டேட்டாபேஸும் ஆர்க்கைவ் ஃபோல்டரும் ஒரே நேரத்தில் எடுத்தவையா என்ற இரண்டு விவரத்தோடு எஸ்க்யூஎல் தெரிந்தவரை அழையுங்கள். இரண்டும் வெவ்வேறு நாளையது என்றால் மீட்ட பிறகும் பெயர் இருக்கும், ஃபைல் இருக்காது.

அறிகுறி: ஆன்லைன் வந்தாச்சு, செக் இன் ஆகவில்லை அல்லது திருத்தம் போய்விட்டது

பணம் அதிகம் கரையும் இடம் இதுதான். மற்ற கோளாறுகளில் நேரம் போகும், இதில் செய்த வேலையே போகும்.

*செக் இன் மங்கலாக இருக்கிறது, ஃபைல் புதியது.* ஆஃப்லைனில் உருவாக்கிய புது பார்ட் வால்ட் ஃபோல்டருக்குள் இருந்தாலும் அது வெறும் லோக்கல் ஃபைல். வலது கிளிக் செய்து வால்ட்டில் சேர்த்த பிறகுதான் செக் இன் திறக்கும். வரிசை எண்ணும் டெம்ப்ளேட்டும் சர்வரிலிருந்து வருவதால், ஆஃப்லைனில் நீங்களாக வைத்த எண் இன்னொருவருக்கு ஏற்கனவே போயிருக்கலாம். ஒரே பெயர் இரண்டு முறை வரக்கூடாது என்று வால்ட் அமைக்கப்பட்டிருந்தால் சேர்க்கவே விடாது. சைட்டுக்குப் போகிறவருக்கு அலுவலகத்தில் முன்கூட்டியே பத்து எண்களை ஒதுக்கி வைத்துவிடுவது எளிது. பெயரை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் எக்ஸ்ப்ளோரரில் மாற்றாமல், அசெம்பிளி திறந்திருக்கும்போது சாலிட்வொர்க்ஸுக்குள்ளிருந்தே மாற்றுங்கள், இணைப்பு அறாது.

*செக் இன் மங்கலாக இருக்கிறது, ஃபைல் பழையது.* "செக்ட் அவுட் இன்" வேறு மெஷினைக் காட்டுகிறது. அந்த மெஷினில்தான் செக் இன் செய்ய முடியும். அந்த மெஷின் திருடு போயிருந்தால் அட்மின் "அண்டூ செக் அவுட்" செய்து பூட்டை அவிழ்க்கலாம். அதில் இருந்த திருத்தம் போனது போனதுதான். மெஷின் உயிரோடு இருந்தால், ஆள் இசிபிங்கோ மாரியம்மன் திருவிழாவுக்கு ஈஸ்டர் விடுப்பில் போயிருக்கிறார் என்ற காரணத்துக்காக அட்மினிடம் பூட்டை அவிழ்க்கச் சொல்லாதீர்கள். முதலில் அந்த மெஷினிலிருந்து திருத்திய ஃபைலை மீட்பு ஃபோல்டருக்கு நகல் எடுக்கச் சொல்லுங்கள்.

*பூட்டில்லாமல் திருத்தினீர்கள்.* மீட்பு ஃபோல்டரில் நகல் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு தொடருங்கள்.

1. ஆன்லைன் போய், ஃபைலின் ஹிஸ்டரியைத் திறங்கள். நீங்கள் இழுத்துப்போன வெர்ஷன் எது, இப்போது கடைசி எது?
2. இரண்டும் ஒன்றே என்றால் இடையில் யாரும் தொடவில்லை. செக் அவுட் செய்யுங்கள். லோக்கல் ஃபைலை மேலெழுதட்டுமா என்று கேட்டால் பயப்பட வேண்டாம், நகல்தான் கையில் இருக்கிறதே.
3. சாலிட்வொர்க்ஸை முழுவதும் மூடிவிட்டு, மீட்பு ஃபோல்டரிலிருந்து திருத்திய ஃபைல்களை அதே பெயரில் வால்ட் ஃபோல்டருக்குள் ஒட்டுங்கள். முதலில் பார்ட்கள், கடைசியில் அசெம்பிளி.
4. அசெம்பிளியைத் திறந்து, கண்ட்ரோல்+க்யூ கொடுத்து முழு ரீபில்ட் செய்து, பாதைகள் மீட்பு ஃபோல்டரைச் சுட்டவில்லை என்று "ஃபைண்ட் ரெஃபரன்சஸ்" மூலம் பாருங்கள். சுட்டினால் செக் இன் வேண்டாம்.
5. செக் இன் செய்யும்போது குறிப்பில் "சைட் திருத்தம், வெர்ஷன் 5 மேல்" என்று எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து யாராவது ஏன் என்று கேட்பார்கள்.

*இடையில் இன்னொருவரும் திருத்திவிட்டார்.* வெர்ஷன் 5-ல் நீங்கள் கிளம்பினீர்கள், வால்ட்டில் 7 இருக்கிறது என்றால் மேலே ஒட்டுவது இங்கே செல்லாது. ஒட்டினால் 6, 7 இரண்டிலும் நடந்த வேலை வெர்ஷன் 8-ல் சத்தமில்லாமல் காணாமல் போகும். ஹிஸ்டரியில் இருக்கும், ஆனால் யாரும் அங்கே போய்ப் பார்க்க மாட்டார்கள். லேசர் வெட்டும் கடைக்கு வெர்ஷன் 8 போய்விடும். உங்கள் நகலுக்கு வேறு பெயர் வைத்து, 7-ஐயும் அதையும் சேர்த்துத் திறந்து "கம்பேர்" கருவியில் வித்தியாசம் பாருங்கள். எதில் மாற்றம் குறைவோ அதை மற்றதில் கையால் மறுபடி செய்யுங்கள். இரண்டு மாடல்களைத் தானாகக் கலக்கும் பொத்தான் கிடையாது. எது சரி என்பதை டிசைன் பொறுப்பாளர் சொல்ல வேண்டும், அட்மின் அல்ல.

அறிகுறி: சேமிக்கும்போது கரண்ட் போனது, ஃபைல் திறக்கவில்லை

சாலிட்வொர்க்ஸைத் திறந்ததும் வலப்பக்கம் ஆட்டோ ரெகவர் பட்டியல் வந்தால், அதைத் திறந்து உடனே மீட்பு ஃபோல்டரில் சேமியுங்கள். முறையாக மூடினால் அந்தப் பட்டியல் அழிந்துவிடும். பட்டியல் வரவில்லை என்றால் ஆப்ஷன்ஸில் பேக்கப் ஃபோல்டரின் பாதையைப் பார்த்து அங்கே தேடுங்கள். அங்கும் இல்லை என்றால் கெட்ட ஃபைலை நகல் எடுத்துவிட்டு, "அண்டூ செக் அவுட்" கொடுத்து வால்ட்டின் கடைசி வெர்ஷனுக்குத் திரும்புங்கள். இழப்பது கடைசி செக் இன்னுக்குப் பிறகான வேலை மட்டும். அது மூன்று நாள் வேலையாக இருந்தால், தினமும் மாலை செக் இன் செய்யாததைத்தான் நொந்துகொள்ள வேண்டும்.

அடிக்கடி இப்படி ஆனால் யூபிஎஸ்ஸைப் பாருங்கள். லோட் ஷெட்டிங் ஸ்டேஜ் 4, 6 நாட்களில் (எண் கூடினால் வெட்டும் கூடும்) இரண்டு வெட்டுக்கு நடுவே சில மணி நேரமே கிடைக்கும். ஈய-அமில பேட்டரி அதற்குள் முழுதாக ஏறாது. முதல் வெட்டில் அரை மணி தாங்கியது மூன்றாவதில் ஐந்து நிமிடம் தாங்கும். சர்வருக்கும் யூபிஎஸ்ஸுக்கும் நடுவே யூஎஸ்பி கேபிள் செருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாமல் பேட்டரி தீரப்போவது சர்வருக்குத் தெரியாது, அதனால் முறையாக அணையாது. இன்வெர்ட்டரும் லித்தியம் பேட்டரியும் போடுவது கடைசி, விலை கூடிய வழி. அதற்கு உரிமம் பெற்ற மின்பணியாளர் வேண்டும்.

ஆட்டோடெஸ்க் வால்ட் என்றால்

மேலே சொன்ன பூட்டு, நகல் விதிகள் அப்படியே பொருந்தும். வேறுபாடு இரண்டு. இன்வென்டரில் (ஆட்டோடெஸ்க்கின் 3டி டிசைன் மென்பொருள்) பார்ட்கள் காணாமல் போனால் முதலில் புராஜெக்ட் ஃபைலைப் பாருங்கள். ஆஃப்லைனில் யாராவது வேறு புராஜெக்ட்டுக்கு மாற்றியிருந்தால் ஒரு இணைப்பும் கிடைக்காது. லைசென்ஸ் பெயர்வாரிச் சந்தா என்றால் 30 நாளுக்கு ஒரு முறையாவது நெட்டில் உள்நுழைய வேண்டும். சைட்டுக்குக் கிளம்பும் முந்தின நாள் இன்வென்டரை ஒரு முறை ஆன்லைனில் திறந்து மூடினால் கணக்கு புதிதாகத் தொடங்கும். திரும்பி வந்ததும், உங்கள் லோக்கல் ஃபைல் வால்ட்டைவிடப் புதியது என்ற குறி தெரிந்தால் "கெட்" கொடுக்காதீர்கள். நகல், பிறகு செக் அவுட், மேலெழுதவா என்று கேட்டால் "நோ".